டோன்காவின் கொடி

இதில் ஒரு சொல் பொய்யானாலும், இனி நான் குடிக்கப்போகும் ஒயின் அத்தனையும் தொண்டையில் இறங்கும்போதே காடியாகட்டும்.

ஷிமுன் தன் தங்கைக்கு முன்னால் கண்ணாடிக் கோப்பையை வைத்தார். கை நடுங்கியது.

நியூசிலாந்தின் ஹெண்டர்சன் ஊரில் அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. ஆக்லாந்தில் பாதிப் பேர் வீட்டு மேசையில் அவர் ஒயின்தான். வங்கி மேலாளரே எழுந்து வந்து கதவைத் திறந்துவிடுகிற ஆள்.

எதிரே உட்கார்ந்திருந்தது டோன்கா. அவளைப் பார்த்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. நேற்றுத்தான் கப்பலில் வந்து இறங்கியிருந்தாள், கறுப்பு முக்காடும் ஒரு மூட்டை உலர்ந்த அத்திப்பழமுமாக.

புட்டியில் ஒட்டியிருந்த தாளில் அவள் பெயர்தான் இருந்தது: 'டோன்காவின் கொடி'.

அந்தக் கதை ஹெண்டர்சனில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

பூச்சி விழுந்து, ஐரோப்பாவில் அவர்கள் பிறந்த டால்மேஷியத் தீவின் திராட்சைத் தோட்டங்களெல்லாம் அழிந்த வருடம். பிழைக்க வழி தேடிப் பதினாறு வயது ஷிமுன் கப்பலேறப் புறப்படுகிறார். விடிவதற்குள் சின்னத் தங்கை முற்றத்துக்கு ஓடுகிறாள். அங்கே மிஞ்சியிருந்த ஒரே கொடியில் ஒரு குச்சி ஒடித்து, வாடாமலிருக்க உருளைக்கிழங்கில் குத்தி, ஈரச் சாக்கில் சுற்றி அவர் கையில் திணிக்கிறாள்.

பூமத்திய ரேகையைத் தாண்டும்போது அது துளிர்த்ததாம். மாலுமிகள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்று பார்த்தார்களாம். கேப்டன் தன் பங்குக் குடிதண்ணீரை அதற்கு ஊற்றிவிட்டு பீர் குடித்தே காலம் தள்ளினாராம்.

அது துளிர்க்கவில்லை.

கப்பலின் அடித்தட்டில், கும்மிருட்டில், பசி பொறுக்காமல் ஷிமுன் சாக்கைப் பிரித்துக் கிழங்கைப் பச்சையாகத் தின்றுவிட்டார். குச்சியைக் கடலில் எறிந்துவிட்டார். அதன் பிறகு உதடு தீயாக எரிந்தது. ஆண்டவர் உடனுக்குடன் தண்டிக்கிறார் என்று எண்ணிக்கொண்டார்.

வந்த இடத்தில் சதுப்பு நிலத்தில் புதைந்து கிடந்த பழைய மரப்பிசினைத் தோண்டி விற்று, சேர்த்ததில் சரிவாக ஒரு துண்டு நிலம் வாங்கினார். பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் கவாத்தில் வெட்டி, எரிப்பதற்குக் குவித்திருந்த குச்சிகளைப் பொறுக்கி வந்து நட்டார். இன்று குன்று முழுக்கப் படர்ந்திருப்பவை அவைதான்.

ஊருக்கு எழுதும்போதெல்லாம் கொடியைப் பற்றித்தான் எழுதுவார். டோன்கா பதிலில் மழையை விசாரிப்பாள், பிள்ளைகளை விசாரிப்பாள். கொடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சந்தேகப்படுகிறாள் என்று ஷிமுன் முடிவு கட்டியிருந்தார்.

தீவுக்காரிக்கு ஒரு மடக்கு போதும், எந்தக் கொடியின் பழம் என்று சொல்லிவிடுவாள். தங்கை தந்ததைத் தின்று தீர்த்தவன் என்று தெரிந்த பிறகு, இந்த முகத்தை அவளிடம் எப்படிக் காட்டுவது?

"குடிங்க அத்தை," என்றான் மகன் நிக்கோ. "அப்பா கப்பல் கதைய ஆரம்பிச்சார்னா அடுத்த அறுவடையே வந்துடும்."

டோன்கா தண்ணீர்க் கூஜாவை இழுத்துக் கோப்பையில் ஊற்றினாள். தண்ணீர் கலந்து குடிப்பதுதான் தீவு வழக்கம். ஆனால் பாதிக்கு மேலும் ஊற்றினாள். இன்னும் ஊற்றினாள். சிவப்பு வெளுத்து, பீட்ரூட் நறுக்கிய கையைக் கழுவிய தண்ணீர் மாதிரி ஆயிற்று.

"ஐயோ அத்தை, தங்கப் பதக்கம் வாங்குன ஒயினு!"

"பதக்கத்தையா குடிக்கப் போறேன்? சும்மா இருடா."

ஷிமுன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இத்தனை தண்ணீரில் ஆண்டவரே வந்தாலும் ருசி கண்டுபிடிக்க முடியாது. தெரிந்தேதான் ஊற்றுகிறாள், மகன் முன்னால் அண்ணனைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க.

அவள் ஒரே மூச்சில் குடித்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"நம்ம வீட்டுக் கொடியேதான்ணே."

ஷிமுன் அவள் கையைப் பற்றிக்கொண்டார். அந்தக் கையும் நடுங்கியது. வயதாகிவிட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் மூட்டையை அவிழ்த்து ஓர் அத்திப்பழம் எடுத்து, சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல அவர் வாயில் வைத்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மென்றார்.

முற்றத்துக் கொடி உள்ளுக்குள் காய்ந்து செத்திருப்பது, அந்த விடியலில் ஒடித்தபோதுதான் டோன்காவுக்குத் தெரிந்தது. அழுதுகொண்டே கிழங்கில் அவள் குத்திக் கொடுத்தது, பால் பட்டாலே உதடு எரியும் அத்திக் குச்சி.