எலும்புச் சாமி

அம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தியாயிற்று. மசூதிப் படியில் சர்க்கரையும் வைத்தாயிற்று. யாரோ பிடித்துக் கையைக் கட்டிக் கப்பலேற்றிப்போன மகனுக்காகப் பசியாவரம் தீவிலிருந்து தோணியில் வந்த தாயம்மாவுக்கு ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், சாமி மட்டுமே பாக்கி. அவர்கள் மதிலின் வாசல் தூணில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு ஒன்று நிற்கிறது. காளியின் ஆள்தான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போகிறாள். வெயிலில் கொதிக்கும் கருங்கல் பலகைமீது அகலை ஏற்றி, ஏரிச் சேற்றில் இறாலைத் தடவிப் பிடித்து வெடித்த விரல்களால் காற்றை மறைக்கிறாள். "இன்னாம்மே, கோயில்னு நெனச்சியா? இது சமாதி," என்று காவல்காரன் சிரிக்கிறான். "உங்க ஊரு பசங்கள புடிச்சிக் கப்பலேத்தி வித்தானே, அந்தத் தொரதான் உள்ள கீறான்." சுடர் துடிக்கிறது. அவள் அதை அணைக்கவில்லை. "அப்போ எம்புள்ள எங்க கீறான்னு அவருக்குத்தானே தெரியும்," என்று மறுபடியும் கைகூப்புகிறாள்.