மா வம்சத்து மாப்பிள்ளை

"உங்கட ஆக்கள்ள பேர் எடுத்தவங்க ஆரும் இருக்காங்களா, தம்பி?"

அப்துல் ஸமட் கேட்டார். எதிரே கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தான் யூசுப். முழுப்பெயர் மா யூசுப். சீனன்தான், ஆனால் பரம்பரை முஸ்லிம்.

அப்துல் ஸமடின் மகள் றிபா சீனாவில் டொக்டருக்குப் படித்துவிட்டுக் கல்முனைக்குத் திரும்பியபோது, பட்டத்தோடு இந்தப் பேச்சையும் கொண்டுவந்தாள். கட்டினால் இவரைத்தான் என்று ஒரே பிடி. "அடி வேர் தெரியாத ஆளுக்குப் புள்ளயக் குடுக்க ஏலா" என்று வாப்பாவும் ஒரே பிடி. இன்றைக்கு மாப்பிள்ளை நேரிலேயே வந்துவிட்டான். ஒன்றில் ஓம், இல்லாவிட்டால் இல்லை.

"இருக்காங்க மாமா. மா எண்டுறது எங்கட குடும்பப் பெயர். அறுநூறு வருசத்துக்கு முந்தி காலித் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலா வந்த சீனத் தளபதிக்கும் பிறக்கக்குள்ள குடும்பப் பெயர் மாதான்."

"காலிக்கா? நம்மட காலிக்கா?"

"ஓம். அவர் கொண்டுவந்த கல்லுல தமிழும் வெட்டியிருக்கு. கொழும்பு மியூசியத்துல பாக்கலாம்."

நன்றாகத்தான் தமிழ் கதைத்தான். றிபா படிப்பித்திருப்பாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"வேற?" அப்துல் ஸமட் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"குர்ஆன சீன மொழிக்கு மாத்தின மா ஜியான். மேசைப்பந்துல ஒலிம்பிக் தங்கம் எடுத்த மா லோங்."

"ஒலிம்பிக்குமா! இவங்க எல்லாம் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல மாமா. சீனாவுல மா ஆக்கள் கோடிக்கு மேல."

பொய் சொல்லத் தெரியாத பொடியன். அப்துல் ஸமடுக்கு அதுவே பிடித்துப்போயிற்று. வாசலில் நின்ற மனைவி ஹாஜறாவுக்கு வந்தவுடனேயே பிடித்துவிட்டது.

ஹாஜறாவின் அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடும் மீராசாஹிபு மட்டும் அசையவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற மரைக்காயர் அல்லவா!

"அதெல்லாம் வாப்பாட பக்கம். தம்பி, உங்கட குடி என்ன?"

இந்தக் கரையோர ஊர்களில் குடி என்கிற வம்சம் தாயிடமிருந்துதான் வரும். ஒரே குடியில் பிறந்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, அவர்களுக்குள் கலியாணம் இல்லை. மீராசாஹிபு அதில் தன் சொந்த மகனுக்கே விட்டுக்கொடுக்காத மனிதர்.

"சீனாக்காரனுக்குக் குடி எங்கால மச்சான்?" அப்துல் ஸமட் சிரித்தார். "தேவல்லாத கேள்வி."

"கேக்கிறது என்ட கடம."

றிபா இதற்காகவே காத்திருந்தவள்போல முன்னுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாப்பா, கடைசியாச் சொல்லுவம் எண்டு வெச்சிருந்தன். இவர்ர உம்மா இங்க நம்மட பொத்துவில் ஆள். குவைத்துக்கு வேலைக்குப் போன இடத்துல இவர்ர வாப்பாவக் கட்டி, அப்பிடியே சீனாவுக்குப் போனவ."

"பொத்துவிலா!" அப்துல் ஸமட் எழும்பியேவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்! வேர் தெரியா எண்டு நான் கிடந்து துடிச்சன், இவர் நம்மட புள்ள! பிறகென்ன மச்சான், நாளக் குறிங்க."

யூசுப் அதற்குள் தன் உம்மாவுக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தான்.

மீராசாஹிபு குனிந்து கேட்டார். "தங்கச்சி, நீங்க என்ன குடி?"

மறுபக்கத்தில் ஒரு பெண் அழுகையும் சிரிப்புமாகக் கதைத்தாள்.

"முப்பது வருசமா இத என்னட்ட ஆரும் கேக்கல்ல, காக்கா. மறப்பனா? நாங்க வரிசைநாச்சி குடி."

ஹாஜறா வந்து மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நம்மட குடி, மகள். இவர் உனக்குக் காக்கா."