டோக்கியோ போகும் சீவலப்பேரி பஸ்

"டோக்கியோவுக்குச் சீவலப்பேரி பஸ் எந்த ரூட்டுல சார் போவுது?"

வீட்டுக்குள் நுழைந்ததுமே இசக்கிதுரை இப்படிக் கேட்டுவிடவில்லை. முதல் நாற்பது தப்பையும் முடித்துவிட்டு, நாற்பத்தொன்றாவதாகத்தான் இதை எடுத்தான்.

ஓவியர் ஞானையாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் அவர் வரைந்த 'புயல்மாறன்' காமிக்ஸை இப்போது ஒரு பதிப்பாளர் கலரில் மறுபடி போடுகிறார். தப்புகளைத் திருத்தும் பொறுப்பு இசக்கிதுரையிடம் வந்திருந்தது. புயல்மாறனை அவனைப் போல் அலசிக் காயப்போட்டவன் தமிழ்நாட்டிலேயே கிடையாது.

பஸ் ஸ்டாண்டில் அவன் டைம் கீப்பர். இரண்டு நிமிடம் பிந்தி வரும் டிரைவர் அவனைக் கண்டாலே சாக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார். அங்கே யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஞானையாவிடமும் போனில், "டைம் கீப்பர் பேசுதேன் சார்" என்றுதான் சொல்லியிருந்தான்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில், 'பிழை திருத்தம்: இசக்கிதுரை' என்று போடப்போகிறார்கள். நாற்பத்தொன்பது வயதில் முதன்முதலாக அச்சில் பெயர். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஞானையா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

அவரும் சளைக்காமல் போட்டுக்கொண்டுதான் வந்தார்.

"மூணாவது புத்தகத்துல புயல்மாறனோட அம்மை செத்துட்டா. ஆறாவதுல வந்து பாயாசம் ஊத்துதா."

"தப்புதான். பாயாசம் நினைப்புல செத்தது மறந்துட்டு." கையெழுத்து.

"நியூயார்க் போலீஸ் ஸ்டேஷன் செவுத்துல தமிழ்க் காலண்டர் தொங்குது. அன்னைக்கு அமாவாசைன்னு வேற போட்டிருக்கு."

"எனக்கு எதுத்தாப்புல அதான வே தொங்கிச்சு." கையெழுத்து.

பஸ்ஸுக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"அந்த பஸ் மட்டும் அங்கனயே நிக்கட்டும்."

"எங்கனயே சார்? சீவலப்பேரின்னு போர்டு மாட்டிக்கிட்டு டோக்கியோவுல கோபுரத்துக்குக் கீழ நிக்குது. லண்டன்ல பாலத்து மேல போவுது. பதினாலாவது புத்தகத்துல நிலாவுலயே நிக்குது! நிலாவுல இருந்து வார வண்டிக்கு நான் என்ன டயம் போட?"

ஞானையா வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் பேனாவைத் திறக்கவில்லை.

"என் பேரு போட்ட புத்தகம் சார். ஒரு டைம் கீப்பர் கண்ணுக்கு பஸ்ஸு தெரியலையான்னு ஊரே சிரிக்கும்."

"மத்ததெல்லாம் தெரியாமச் செஞ்சது வே. இது தெரிஞ்சே செஞ்சது. இத அழிக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

இசக்கிதுரைக்குச் சுர்ரென்று ஏறியது. அவனுக்குப் புயல்மாறன் மேல் பழைய கோபம் ஒன்று உண்டு. ஏழாம் வகுப்பில் முதல் தப்பைக் கண்டுபிடித்து, இன்லண்ட் லெட்டரில் எழுதிப் போட்டான். அடுத்த மாதம் வாசகர் கடிதப் பக்கத்தை மூன்று தடவை புரட்டினான். வரவில்லை. அன்றோடு புத்தகம் வாங்குவதையே நிறுத்திவிட்டான். மிச்சப் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கியது வேலைக்கு வந்த பிறகுதான். அதுவும் படிப்பதற்காக இல்லை, தப்புப் பிடிப்பதற்காக.

"வாசகன் சொன்னா ஒரு மரியாதைக்காவது கேக்கணும் சார். அந்தக் காலத்துலயே நீங்க கேக்கல" என்றான்.

"அட, வாசகன் சொல்லித்தான வே செஞ்சேன்! சாலோமி, அந்தக் கடுதாசியக் கொண்டா."

காப்பியோடு வந்த அவர் மனைவி சாலோமி டீச்சர் டம்ளரை வைத்துவிட்டு, பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே பேரப்பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டுகளோடு பழுத்துப்போன இன்லண்ட் லெட்டர் ஒன்று இருந்தது. மடிப்பு கிழிந்துவிடாமல் பையப் பிரித்து வாசித்தார்.

"ஓவியர் அவர்களுக்கு. மூன்றாம் பக்கத்தில் புயல்மாறனின் சால்வை இடது தோளில் இருக்கிறது. நாலாம் பக்கத்தில் வலது தோளில் இருக்கிறது. இது தப்பு. எங்கள் ஊர்ப் பெயரை நான் இதுவரை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. இந்தக் கடிதத்தைப் போட்டால் பார்த்துவிடுவேன். இப்படிக்கு, மா. இசக்கிதுரை, ஏழாம் வகுப்பு, சீவலப்பேரி."

இசக்கிதுரை காப்பி டம்ளரை எடுக்கப் போன கையை அப்படியே வைத்திருந்தான். சால்வை ஞாபகம் இருந்தது. ஊர்ப் பெயரைக் கேட்டது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"நம்ம தப்ப நாமளே அச்சடிக்கணுமான்னு எடிட்டர் இதக் கசக்கிப் போட்டுட்டாரு. நான்தான் எடுத்து வச்சுக்கிட்டேன்" என்றார் ஞானையா. "பிள்ள எவ்வளவு ஆசையா கேட்டிருக்கான்! அதுக்கப்புறம் எந்த ஊர வரைஞ்சாலும் ஓரத்துல ஒரு பஸ்ஸ நிறுத்தி, போர்டுல அவன் ஊரப் போட்டுட்டேன். வேலைய விடுத வரைக்கும் ஒரு புத்தகம் தப்பல. பய துள்ளிக் குதிச்சிருப்பாம்லா?"

இசக்கிதுரைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, அடக்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது. பேனாவைத் திறந்து, பட்டியலில் நாற்பத்தொன்றாவது தப்பை அவனே அடித்தான். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

"எங்க குதிச்சான்? அப்புறம் ஒரு கடுதாசியும் வரலையே" என்று சாலோமி டீச்சர் லெட்டரை மடித்தார். "அந்தப் பிள்ள பஸ்ஸப் பாத்தானோ என்னமோ."

"பாத்துட்டான் டீச்சர்" என்றான் இசக்கிதுரை. "வண்டி சரியான டயத்துக்குத்தான் வந்திருக்கு. அவன்தான் முப்பத்தேழு வருசம் லேட்டு."