வைத்தியர் வீட்டுத் தும்மல்

“தம்பி, தும்மலுக்கு நல்ல குளிசை ஒண்டு தாருங்கோ,” என்றபடி கோபாலனின் மருந்துக் கடைக்குள் வந்தார் செல்வமலர்.

கோபாலனுக்கு ஆச்சரியம். லண்டனின் இல்ஃபோர்டில் பாதித் தமிழர் சளி, இருமல் என்றால் ஓடுவதே இவருடைய கணவர், மூலிகை வைத்தியர் யோகலிங்கத்திடம்தான்.

“வீட்டுலயே வைத்தியர் இருக்காரே, அக்கா?”

“அவரின்ர கசாயத்துக்கு இது கேக்குதில்லை. வீட்டுப் பின்வளவு முழுக்கக் காட்டுப்பூ. கோடை வந்தால் ஒரே தும்மல், கண்ணும் வீங்கிப்போகும்.”

“அப்போ பூவாலதான் அலர்ஜி. எல்லாத்தையும் பிடுங்கிப் போடுங்க.”

“ஐயோ, ஏலாது! ஊரில யுத்தத்துக்குள்ளால தப்பி வந்து, பேச்சில்லாமல் கிடந்த மனிசன். அந்தச் செடியள் பூத்த பிறகுதான் சிரிச்சவர்.”

கோபாலனுக்கு யோகலிங்கத்தின் மேல் கோபம் வந்தது. “அதுக்காக நீங்க கஷ்டப்படணுமா? எங்கே, கண்ணைக் காட்டுங்க.”

கண்ணில் வீக்கமே இல்லை.

செல்வமலர் குரலைத் தாழ்த்தினார். “எனக்கில்லை தம்பி, அவருக்குத்தான். வைத்தியர் இங்கிலீஷ் மருந்து வாங்கிறதை ஆக்கள் கண்டால் வெட்கமாம். வெளியில நிக்கிறார்.”

கோபாலன் எட்டிப் பார்த்தான். நடைபாதை வெடிப்பில் பூத்திருந்த மஞ்சள் பூவொன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் யோகலிங்கம். பலமாகத் தும்மினார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டு, மறுபடியும் குனிந்தார்.