கரஸ்பாண்டென்ட் கொடுத்த கற்பூரம்

வில்லையை விரலில் எடுத்ததுமே நளினிக்குத் தெரிந்துவிட்டது. பிசுபிசுவென்று ஒட்டியது. பாதி மெழுகு.

கரஸ்பாண்டென்ட் சிட்டிபாபு பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார். புத்தூரில் கற்பூரம் போட்டு விற்ற காசில் பள்ளிக்கூடம் கட்டியவர். தண்ணீருக்கு ஃபார்முலா கேட்டால் போர்வெல்காரன் நம்பரைச் சொல்வார். லேபுக்கு சாமி படம் வாங்கிக் கொடுத்தாரே தவிர, ஒரு டெஸ்ட் டியூப் வாங்கிக் கொடுத்ததில்லை.

இன்றைக்குப் பெற்றோர் கூட்டம். தூய பொருளைக் கண்டுபிடிக்கும் சோதனையைச் செய்து காட்டச் சொல்லி, தன் கம்பெனி பாக்கெட்டையே பிரித்துக் கொடுத்தார்.

“நம்மளுது அசல் சரக்கு டீச்சர். எல்லாருக்கும் தெரியட்டும்.”

விளம்பரத்துக்கு ஒரு வகுப்பறை! தூ என்று துப்ப வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

பீங்கான் கிண்ணத்தில் வில்லையைப் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, அடியில் விளக்கை வைத்தாள். ஆவி எழுந்து புனலின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்தது. ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

சுத்தக் கற்பூரமாக இருந்தால் கிண்ணத்தில் எதுவுமே மிஞ்சக் கூடாது. நேற்றுதான் இதைப் போர்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

மிஞ்சியது. எண்ணெயாகத் தேங்கி, விளக்கை எடுத்ததும் கட்டியாக உறைந்தது.

வாயைத் திறந்தால் சிட்டிபாபுவின் மானம் போகும். நினைக்கவே இனித்தது. ஆனால் எதிர்த்துப் பேசிய கணக்கு வாத்தியாரைப் போன மாதம் நின்ற நிலையில் வேலையை விட்டு அனுப்பியவரும் இதே சிட்டிபாபுதான்.

முன்பெஞ்சில் தரணி எழுந்தாள். கிண்ணத்தில் நிற்பது என்ன டீச்சர் என்று கேட்டாள்.

சிட்டிபாபுவின் பல் உள்ளே போனது.

அதுதான் கற்பூரத்தின் சத்து, அசல் சரக்கில்தான் இப்படி நிற்கும் என்றாள் நளினி. புனலில் ஒட்டியிருப்பது வெறும் புகை. நேற்று நீதான் தப்பாக எழுதிக்கொண்டாய், உட்கார்.

சிட்டிபாபு முதலில் கை தட்டினார். பெற்றோர் எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள். அந்த ஆளைக்கூட இப்போது அவளால் கேவலமாக நினைக்க முடியவில்லை.

தரணி தட்டவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, யூனிஃபார்மை மாற்றிய பிறகும், நளினி பெற்ற அந்தப் பெண் அவளை அம்மா என்று கூப்பிடவில்லை.

“துன்றதுக்கு இன்னா இருக்குது டீச்சர்?”