உள்ளூர்க்காரர்

"உங்க பேர் என்ன?" என்று கேட்டாள் வைதா.

எதிரே உட்கார்ந்திருந்தவர் அவளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"டென்னிஸ் ஹாரப்" என்றார், கல்லை எடுத்து மேஜைமேல் வைப்பதுபோல.

வைதாவுக்குப் பக்கத்து நாற்காலியில் பிரென்டிஸ் பேனாவோடு இருந்தார். கிரிம்ஸ்பி துறைமுகத்தின் அந்த மீன் தொழிற்சாலைக்கு லண்டன் தலைமை அலுவலகம் அனுப்பிய தணிக்கையாளர். வேலை கேட்டு வருகிறவர்களுக்கு இந்த நாட்டில் வேலை செய்ய உரிமை உண்டா என்று வைதா பார்ப்பாள். வைதா ஒழுங்காகப் பார்க்கிறாளா என்று பிரென்டிஸ் பார்ப்பார்.

தவறான ஆளைச் சேர்த்துவிட்டால் அரசாங்கம் போடுகிற அபராதத்தில் தொழிற்சாலைக்கே மூச்சு முட்டிவிடும்.

வைதா இந்த நாற்காலிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதுவரை கீழே ஐஸ் தண்ணீரில் கையை விட்டு மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். இன்று பிரென்டிஸுக்கு ஏதாவது பிடிக்காமல் போனால் மறுபடியும் கீழேதான்.

டென்னிஸுக்கு முன்னால் வந்துபோனவள் டோய்னா, ருமேனியாக்காரி. அரசாங்கம் கொடுத்த எண்ணைக் கைப்பேசியிலிருந்து படித்தாள். வைதா தட்டினாள். திரையில் டோய்னாவின் முகமும், வேலை செய்யலாம் என்ற வரியும் வந்தன. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியாயிற்று.

டென்னிஸிடம் அப்படி எந்த எண்ணும் இல்லை. ஒரே தொழிற்சாலையில் முப்பது வருஷம் மீன் அறுத்தவர். போன மாதம் அதை மூடிவிட்டார்கள். அங்கே சேர்ந்த அன்று, கத்தி பிடிக்கத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

"பாஸ்போர்ட் வெச்சிருக்கீங்களா?"

"நான் எங்கயும் போனதில்லையே, அது எதுக்கு?"

"அப்ப பிறப்புச் சான்றிதழ் வேணும்."

"எடுத்துட்டு வரல. அதான் நானே முழுசா வந்திருக்கேனே."

சட்டைப்பையைத் துழாவி ஓட்டுநர் உரிமத்தை எடுத்து வைத்தார். நூலக அட்டையை வைத்தார். கொஞ்சம் யோசித்து, உள்ளூர் கால்பந்துக் குழுவின் சீசன் டிக்கெட்டையும் வைத்தார். அந்தக் குழு தோற்றுக்கொண்டே இருக்கும். இந்த ஊரில் பிறக்காத எவனும் அதற்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்க மாட்டான்.

"இதெல்லாம் செல்லாதுங்க" என்றாள் வைதா. "நீங்க வண்டி ஓட்டலாம்னுதான் இது சொல்லுது. வேலை செய்யலாம்னு சொல்லல."

டென்னிஸின் முகம் வெந்த இறாலாகச் சிவந்தது.

"வெளியில, கடலுக்குப் போய்த் திரும்பாதவங்க பேரை வெட்டின கல்லு நிக்குது. எங்கப்பா பேரு இருக்கு, எங்க தாத்தா பேரு இருக்கு. போய் அவங்களைக் கேளுங்க!"

பிரென்டிஸ் மிகவும் மரியாதையாகக் குறுக்கிட்டார்.

"அவங்க வேலைக்கு விண்ணப்பிக்கலையே, சார்."

டென்னிஸ் அவர் பக்கம் திரும்பவே இல்லை. வைதாவிடமே கத்தினார்.

"நீங்க எந்த ஊரு, மேடம்?"

பிரென்டிஸின் பேனா நின்றது.

"லித்துவேனியா" என்றாள் வைதா. "என் காகிதமெல்லாம் சரியா இருக்கு."

"அதானே! வந்தவங்களுக்கு எல்லாம் சரியா இருக்கும். இங்கயே கெடந்தவனுக்குத்தான் ஒண்ணும் இருக்காது."

சீசன் டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கதவு அறைந்த வேகத்தில் சுவரிலிருந்த 'அனைவரையும் சமமாக நடத்துவோம்' என்ற பலகை ஒரு பக்கம் சாய்ந்தது.

பிரென்டிஸ் வெகுநேரம் எழுதினார். பொறுமை, நேர்மை, அவமானப்படுத்தப்பட்டபோதும் நிதானம். பிறகு பேனாவை மூடிவிட்டு வைதாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மனசுல வெச்சுக்காதீங்க. இப்படிப்பட்ட ஆளுங்களோட எப்படித்தான் காலம் தள்றீங்களோ."

"பழகிடுச்சு சார். பதினாறு வருஷமாச்சே."

பிரென்டிஸ் நெகிழ்ந்துபோனார். அவள் பதவி நிரந்தரம் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

மாலையில் வைதா வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் பழைய நீலக் கார் நின்றது. கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி, மேஜையில் விட்டுப்போன ஓட்டுநர் உரிமத்தை டென்னிஸின் மடியில் போட்டாள்.

"என் புருஷன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் அவர்.

"சொல்லியிருந்தா, உனக்காக விதியை வளைச்சேன்னு அந்த ஆளு எழுதியிருப்பாரு. கிளம்பும்போதே சான்றிதழை எடுத்துக்கோன்னு சொன்னேனா இல்லையா? எனக்கெதுக்குன்னு சொன்னது யாரு? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்கம்மாவைப் பாக்கப் போலாம்னு கூப்பிடறேன். ஒரு பாஸ்போர்ட் வாங்கினியா நீ?"

டென்னிஸ் உரிமத்தை எடுத்துச் சட்டைப்பையில் செருகினார்.

"நாளைக்கு எடுத்துட்டு வந்து குடு. திங்கட்கிழமை அந்த ருமேனியாப் பொண்ணோட சேந்துக்கலாம்."

அவர் கண்ணாடியில் வழியும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் எப்போதோ வடிந்திருந்தது.

"இந்த நாட்டுல இருக்கலாமான்னு நீ எழுதிக் கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் தூங்காம கெடந்தியே" என்றார். "உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

வைதா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"நான் கத்தல" என்றாள். "வண்டியை எடு."