ஆபீசர் குரல்

“வாங்க சார், வாங்க! வீடு கட்டிக் குடுக்குற ஆபீஸ்லருந்து சார் வந்திருக்காங்க!”

தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி வேலாயி கூவினாள். படியேறி வந்த அஜந்தன் பாதிப் படியில் நின்றான். இந்த அம்மா இன்னுமா அதை நம்பிக்கொண்டிருக்கிறாள்?

அவன் ஆபீசர் இல்லை. பதுளையில் ஒரு கடையின் மாடி அறையில் மைக் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டு ஏமாற்றி, அதை ஆட்கள் கேட்டுச் சிரிக்கப் பகிடிப் பொட்காஸ்டாக இணையத்தில் போடுகிறவன். போன மாதம் குரலை மாற்றி வேலாயியிடம் பேசியிருந்தான்.

“அம்மா, ஒங்களுக்கு வீடு பாஸாகியிருக்கு. கக்கூஸ் உள்ள வேணுமா, வெளிய வேணுமா?”

“உள்ளயே வைங்க சார்!” என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பு ஊர் ஊராகப் பரவிவிட்டது. ‘சும்மா பகிடிக்கும்மா’ என்று அவன் சொல்வதற்குள் சிக்னல் அறுந்துபோயிருந்தது. அந்த வரியைப் பிறகு தனியாகப் பேசி ஒட்டிக்கொண்டான்.

குரல் தேர்வில் அவனை வாசலோடு திருப்பி அனுப்பிய கொழும்பு ரேடியோகூட இதைக் கேட்டு வாங்கிக் காலை நிகழ்ச்சியில் போட்டது. இப்போது டீவிக்காரர்கள் தொடராகவே எடுக்கிறோம் என்கிறார்கள். அந்த அம்மா சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். அதற்காகத்தான் பிஸ்கட் பெட்டியும் கையுமாகப் பசறை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான்.

வேலாயி அவன் முழங்கையைப் பிடித்துத் தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் இழுத்துப் போனாள். அங்கே அவள் குரல் அடியோடு மாறியது.

“தம்பி, எனக்கு எல்லாம் தெரியும். கொழுந்து எடுக்குற எடத்துல புள்ளைங்க போன்ல காட்டுச்சுங்க. ஒங்க மொகத்தையும் பாத்தேன்.”

“அம்மா, நான் வந்து...”

“அது கெடக்கட்டும். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. நீங்க பேசுன ஒடனே அவருகிட்ட ஓடிப்போயி சொல்லிட்டேன். படுத்த படுக்கையா கெடந்த மனுசன் அன்னைக்கு ஒரு தட்டு சோறு முழுசா சாப்புட்டாரு. அப்புறம் எப்புடி இல்லன்னு சொல்லுவேன்?”

அஜந்தன் பிஸ்கட் பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டான்.

“அவருக்குப் போன் பாக்கத் தெரியாது. யாரும் சொல்லவும் மாட்டாங்க. உள்ள வந்து கொஞ்ச நேரம் அந்த ஆபீசராவே பேசிட்டுப் போங்க. நீங்க எதுக்கு வந்தீங்களோ, அதுக்குச் சம்மதம்.” அடுத்த நொடியே அவள் குரலை உயர்த்தினாள். “உள்ள வாங்க சார்!”

அவர்களின் ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. மழைத் தண்ணீர் வராமல் பிளாஸ்டிக் தறப்பாள் அடித்திருந்தார்கள். அந்தச் சுவரோரம் மண் சரிந்த நாளில்தான் வேலாயியின் கணவர் வீரசிங்கத்தின் இடுப்பு ஒடிந்தது. தலைமாட்டில் முணுமுணுத்துக்கொண்டிருந்த சின்ன ரேடியோவை நிறுத்திவிட்டு அவர் கைகூப்பினார்.

“எழும்ப ஏலாது சார். குறை நெனச்சுக்காதீங்க.”

அஜந்தனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ‘உள்ளயே வைங்க சார்’ என்று சொன்ன கையோடு வேலாயி இன்னொன்றும் சொல்லியிருந்தாள். ‘அவரால எழும்பி வெளிய போக ஏலாது சார்.’ சிரிப்பைக் கெடுக்கிறது என்று அவன்தான் அதை வெட்டி எறிந்திருந்தான்.

“வீடு எந்தப் பக்கம் சார் வருது?”

“ரோட்டோரமா ஐயா. நல்ல சமதரை.” பல்லாயிரம் பேரைச் சிரிக்கவைத்த ஆபீசர் குரல் வரவில்லை; சொந்தக் குரலில்தான் சொன்னான்.

“மழை பேஞ்சா பயமில்லாம படுக்கலாமா?”

“படுக்கலாம் ஐயா.”

“அவரு புடிச்சிக்கிட்டு எழும்ப, கக்கூஸ்ல ஒரு கம்பி வைப்பீங்களா சார்?” என்று வேலாயி கேட்டாள். அவள் கண் கணவனின் முகத்திலேயே இருந்தது.

“வைப்போம்மா.”

வேலாயி சிரித்தாள். ஊரெல்லாம் கேட்ட அதே சிரிப்பு. அஜந்தன் தலையைக் குனிந்துகொண்டான். பிஸ்கட் பெட்டியை எங்கே வைப்பதென்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

“சாருக்கு பிளேன்டீ போடணும். பக்கத்துல சீனி வாங்கிட்டு வந்துர்றேன்” என்று அவள் வெளியே போனாள்.

இனித் தாங்காது என்று பட்டது. சம்மதமும் வேண்டாம், டீவியும் வேண்டாம். இந்த மனிதரின் காலைப் பிடித்தாவது சொல்லிவிட வேண்டும்.

“ஐயா, என்னைய மன்னிச்சிருங்க. நான் ஆபீசர் இல்ல...”

வீரசிங்கம் கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். வேலாயி திரும்பி வருகிறாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டார். பிறகு அவனை அருகில் அழைத்து, காதோடு மெல்லச் சொன்னார்.

“தெரியும் தம்பி, ரேடியோவுல கேட்டேன். அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. பாவம், நம்பிக்கிட்டு இருக்கா.”